வட்டைக்குப் போகும் நெஞ்சங்கள்

வயலிலே நின்ற மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்று செய்தி வந்தால், "விதி" எனக் கூறி வாளாவிருப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அது விதியன்று, பெரும்பாலும் முன்னரே அளந்தறியக்கூடிய ஆபத்தாகும். இலங்கையில் நிகழும் மரணங்களில் 100க்கு 80க்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நேர்பவை. அவற்றுள் தலையாயவை மாரடைப்பும் பாரிசவாதமுமே.

இவ்வாபத்தை அளப்பது எங்ஙனம்? வயது, ஆணா பெண்ணா என்பது, புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றை ஒருங்கே நோக்கி, அடுத்த 10 ஆண்டுகளில் இந்நோய் தாக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று காட்டும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2019இல் அது புதுக்கப்பட்டது. குருதிப் பரிசோதனைக்கு வசதியற்ற இடத்தில், உயரமும் நிறையும் கொண்டு கணிக்கும் முறையும் உண்டு. ஒரே வயதும் ஒரே அமுக்கமும் உடைய இருவருள், புகைப்பவரின் ஆபத்தே மிகும். ஆகவே ஒன்றை மட்டும் அளந்து ஆறுதலடைவது பேதைமை.

இப்பணிக்கென அரசாங்கம் 2011 முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நிறுவியது. கட்டணம் இல்லை. ஆயினும் நாடெங்கும் அங்கு செல்வோரிற் பெரும்பாலார் பெண்களே. ஆண்கள் எங்கே? நிலையம் திறந்திருக்கும் வேளையில் படுவான்கரைக் கமக்காரர் வட்டையில் நிற்கிறார்; வாவி மீனவர் இரவெல்லாம் விழித்துக் களைத்துக் கிடக்கிறார்; எழுவான்கரை உத்தியோகத்தர் கந்தோரில் இருக்கிறார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதால் வாவியைக் கடப்பது எளிதாயிற்று. நேரத்தைக் கடக்கப் பாலம் இடுவார் யார்?

பெண்கள் வருகிறார்கள் என்பதால் அவர்களுக்கு ஆபத்தில்லை என எண்ணலாகாது. மாதவிடாய் நின்றபின் ஆபத்து ஏறுகிறது. நீரிழிவு, ஆணினும் பெண்ணுக்கே இதய நோயின் வாய்ப்பைக் கூடுதலாகப் பெருக்குகிறது. மூச்சிளைப்பு, குமட்டல், அசதி என வரும் மாரடைப்பை "வாயு" என்று கொண்டு, கசாயம் வைத்துக் காலங்கழிக்கும் வீடுகள் எத்தனை!

மாகாண சுகாதார நிர்வாகத்தினரைக் கேட்கிறோம்: மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நிலையங்களைத் திறவுங்கள். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக்கும், விடியலில் மீன்துறைக்கும் அமுக்கமானியைக் கொண்டுசெல்லுங்கள். கணிப்போடு நில்லாது, நூற்றுக்கு 20க்கு மேல் ஆபத்துடையோருக்குச் சிகிச்சை தவறாது கிடைக்க வழிசெய்யுங்கள். மருந்தில்லாக் கணிப்பு நீரில்லா வாய்க்காலே.

வாசகர்களுக்கும் ஒரு சொல். வேளாண்மையிற் பூச்சி விழுந்ததா என்று நாள்தோறும் வரம்பில் நடந்து பார்க்கும் நாம், 40 வயதைக் கடந்தபின் நம் நெஞ்சையும் காலந்தோறும் பார்ப்போமாக!