கொரியப் பாட்டும் கொழுந்து மலையும்

இசைக்கு எல்லை இல்லை என்பது மேடைதோறும் கேட்கும் பேச்சு. அது பாதி உண்மையே. எல்லை கடந்த பாட்டு அவ்வலிமையை எவ்வாறு பெற்றது என்று வினவுவார் அரியர்.

அட்டனிலும் நுவரெலியாவிலும் நம் மாணவர் இந்நாளிற் கொரியப் பாடல்களைப் பாடித் திரிகின்றனர். "தமிழ் கெட்டது" என்று புலம்புவார் ஒருபால். "கொரியரும் அப்பா என்றே அழைக்கின்றனர், ஆதலின் அவரும் நம்மவரே" என்று மகிழ்வார் மற்றொருபால். ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இலேயே ஓர் இலக்கணநூல் எழுதினார். மொழிநூலார் அவ்வுறவை இன்று ஏற்பதில்லை. ஒலி ஒத்தல் வேறு, உறவு வேறு. புலம்பலையும் மகிழ்ச்சியையும் விடுத்து, நாம் கற்கத்தக்கது அவ்விசையின் வரலாற்றில் உண்டோ என்று நோக்குவோம்.

கொரியாவை 1910 முதல் 1945 வரை யப்பான் ஆண்டது. அவ்வாட்சியின் இறுதி ஆண்டுகளிற் கொரிய மொழி பள்ளியினின்று நீக்கப்பட்டது. மக்கள் யப்பானியப் பெயர் பூணுமாறு நெருக்கப்பட்டனர். அப்புண் எளிதில் ஆறவில்லை. தென்கொரியா யப்பானியப் பாட்டையும் படத்தையும் நெடுங்காலம் புகவொட்டாது தடுத்தது. 1998இலேதான் அக்கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. இத்தகைய இரு நாடுகளுக்கிடையே, 2002ஆம் ஆண்டிற் போவா என்னும் கொரிய இளநங்கையின் இசைத்தொகுப்பு யப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவர் யப்பானிய மொழியை முயன்று கற்று அம்மொழியிலேயே பாடினார். 2015இல் ட்வைஸ் என்னும் ஒன்பதின்மர் குழு தோன்றியபோது அவருள் மூவர் யப்பானியப் பெண்கள். அவர்கள் சியோல் சென்று கொரிய மொழி கற்றுப் பாடினர். அடக்கப்பட்ட மொழியை, அடக்கினோர் வழிவந்த இளையோர் விரும்பிக் கற்கும் காலம் வந்தது. பழம்பகை முற்றும் ஒழிந்தது என்பதற்கில்லை. ஆயினும், உடன்படிக்கைகள் ஆற்றாத பணியைப் பாட்டு ஓரளவு ஆற்றியது.

இவ்வெற்றிக்குக் காரணம் இரண்டு என்பது என் துணிபு: நெடுநாட் பயிற்சி; அயலான் மொழியைக் கற்கும் பணிவு.

கடல் கடந்து பாட்டனுப்பும் பெருமை நமக்கும் இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டார் பல்லாண்டு ஆவலுடன் கேட்டனர். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் குரல்களை அங்கும் மக்கள் நன்கறிவர். ஆனால் அக்குரல்கள் சுமந்துசென்ற சரக்கிற் பெரும்பகுதி சென்னையிற் பிறந்த திரைப்பாட்டே. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' போன்ற சிலவே நம் தீவின் மணத்தோடு அக்கரை சேர்ந்தன.

மலையகத்தில் நமக்கெனச் சரக்கு இல்லையோ? மாசி மாதத்துக் காமன் கூத்து உண்டு. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் உண்டு. விடியலிற் பிரட்டுக்கு அழைத்த தப்பு உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனத் தொகுத்து வைத்தார். அவற்றை மெட்டோடு பாட அறிந்த மாணவர் எத்துணைப் பேர்? தப்பைச் சாதியின் பெயரால் இழித்தது சமூகம். லயத்துப் பாட்டியின் பாட்டைப் பாமரர் பாட்டென்று வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது கற்றோர் அவை. தன் பாட்டை நாணும்படி வளர்க்கப்பட்ட பிள்ளை பிறர் பாட்டை நாடுவதில் வியப்பென்ன?

இனி, நம் யப்பான் எது என்று கேட்போமாக. சென்னை என்பர் பலர். தேயிலை மலையின் அடிவாரத்துச் சிங்களக் கிராமம் என்பேன் யான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1983ஆம் ஆண்டு வன்செயலும் இட்ட வடுக்களை யாவரும் அறிவர். எனினும் சிங்களத் திரையிசையில் ஆர். முத்துசாமியும் எம். கே. ரொக்சாமியும் பெரும்புகழ் பெற்றனர். நல்லிசைக்கு அயலார் செவி அடைபட்டதில்லை என்பதற்கு அதுவே சான்று. காமன் கூத்தின் கதையைச் சிங்களத்தில் விளக்கிப் பாட்டைத் தமிழிற் பாடும் மாணவர் குழு ஒன்று அக்கிராமத்துப் பாடசாலைக்குச் செல்லலாகாதா? தமிழ் குன்றும் என்று அஞ்சவேண்டா. போவா யப்பானிய மொழியிற் பாடியதாற் கொரிய மொழி குன்றவில்லை.

கொரியரைக் கண்மூடிப் பின்பற்றவும் வேண்டா. 2009இல், புகழ்மிக்க ஐவர் குழுவொன்றில் மூவர் பதின்மூன்றாண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் ஏறினர். இளையோரை வணிகப் பண்டமாக்கும் பயிற்சி நமக்கு ஆகாது. பள்ளியின் பயிற்சியே போதும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. கொரியப் பாட்டைத் தடுக்காதீர். தடை விருப்பத்தையே வளர்க்கும். அப்பாட்டின் பொருளை அறிய முயலும் மாணவனிடம், அவன் தோட்டத்து முதியோர் பாட்டு ஒன்றையும் மெட்டோடு பதிந்து வரச் சொல்லுங்கள். பேச்சுவழக்கைத் திருத்தாதீர், தப்பின் அடியைத் திரையிசைக்கு வளைக்காதீர். அப்பாட்டியர் மறைந்தபின் நூலில் எழுத்து எஞ்சும், மெட்டு எஞ்சாது.