விடுமுறையும் பரீட்சையும்

பரீட்சைக்குப் படிப்பது பிள்ளைகளின் பாடு என்று பெரியவர்கள் இருந்து விடுவது வழக்கம். ஆனால் விடுமுறை நாட்கள் வீணாவதில் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு.

மத்தியக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பில் 'மாஸ் மீடியா ஸ்டடீஸ்' பாடத்தை எடுத்திருக்கும் மாணாக்கன் ஒருவன் பொங்கலுக்குச் செட்டிநாட்டு நேமத்தான்பட்டிக்கு வந்திருப்பதாக வைத்துக் கொள்வோம். பட்டணத்துப் பிள்ளைகளுக்குள்ள வசதி தனக்கில்லை என்ற பயத்தில், வளவில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைப் பத்து முறை படிக்கிறான். வீட்டார் பூரிக்கிறார்கள். அம்முயற்சியில் பெரும்பகுதி விழலுக்கு இறைத்த நீர் என்பதே நமது அபிப்பிராயம்.

இதற்குச் சாட்சியம் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு மனத்தத்துவ அறிஞர்கள் 2006-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணாக்கர்கள் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தார்கள். மற்றொன்றைப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்ததே மேலாக நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்ததில் 56 சதவிகிதமும், திரும்பப் படித்ததில் 42 சதவிகிதமுமே ஞாபகத்தில் தங்கின. பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை.

வக்கீல்களுக்கு இது புதிதல்ல. கட்டுக் காகிதங்களை நூறு முறை புரட்டியவரும், நீதிபதி நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டால் திகைப்பதுண்டு. முதல்நாளே தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொண்டவர் திகைப்பதில்லை.

ஆகவே நமது யோசனை இது. காலையில் இரண்டு மணி நேரம் போதும். முதல்நாள் பத்திரிகை, அடுத்த நாள் வானொலி, பிறகு சினிமா, தொலைக்காட்சி, இணையம் என்று நாளுக்கு ஒரு பிரிவு. புதியதைத் தொடங்குமுன் நேற்றையதை நினைவிலிருந்து எழுத வேண்டும். இரண்டு நாள் விட்டு மறுபடியும் எழுத வேண்டும். தவறாக எழுதினால் தவறே பதிந்து விடாதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். எழுதி முடித்தவுடன் புத்தகத்தைத் திறந்து திருத்திக் கொண்டால் அந்த அபாயமில்லை. மிச்சப் பொழுது பொங்கலுக்கும் விளையாட்டுக்கும் உரியது.

உதாரணங்களுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 1920-ல் 'தன வைசிய ஊழியன்' தோன்றியது பக்கத்துக் காரைக்குடியில்தான். பின்னர் அது 'ஊழியன்' ஆயிற்று, ராய. சொக்கலிங்கனார் அதன் ஆசிரியராய் விளங்கினார். 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன், பாரதியார் பாடல்களுடன் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் எடுத்ததும் அதே காரைக்குடியில்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய பழைய புத்தகங்களும் பத்திரிகைகளுமே இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை.

இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேட்கட்டும். இதைச் செய்தவர் யார்? யாருக்காகச் செய்தார்? செலவு யாருடையது? எதைச் சொல்லி, எதை விட்டார்? விடைகளைத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதுகிறவனுக்கு, பரீட்சையில் எந்தப் படத்தைப் பற்றி, எந்த விளம்பரத்தைப் பற்றிக் கேட்டாலும் பயமில்லை.

மதிப்பெண் மட்டும் இங்கே விஷயமன்று. கைபேசியில் காலையில் வரும் ஒரு பொய், மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றி வருகிற காலம் இது. அந்த நான்கு கேள்விகளை அந்தச் செய்தியிடமும் கேட்கப் பழகிய பிள்ளை நாளை வோட்டுப் போடும் பிரஜையாகிறது. கேட்காமல் நெட்டுருப் போட்ட பிள்ளையும் வோட்டுப் போடத்தான் போகிறது.

எனவே, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு பிள்ளை யோசித்திருப்பதைக் கண்டால் பெற்றோர் அதட்ட வேண்டாம். இன்றைய தினசரிகள் இரண்டை அதன் கையில் கொடுத்து, ஒரே செய்தியை இரண்டும் எப்படி எழுதியிருக்கின்றன என்று கேளுங்கள். அவற்றில் ஒன்று நமது பத்திரிகையாக இருந்தால் நமக்கு ஆட்சேபமில்லை.