மறுகால் இல்லாத குளமா மூளை?

சாரல் சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், இலஞ்சி பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞர் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார். மூன்று வயதிலிருந்தே பயிற்சி வகுப்பாம். ‘குழந்தையின் மூளையில் நரம்பு இணைப்புகளைப் பெருக்குகிறோம். ஆறு வயதைத் தவறவிட்டால் அவ்வளவுதான்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற தாய் அதை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரைப் பதற வைத்த நம்பிக்கையின் மேல்தான் கோபம். மூளை ஒரு நெல் குலுக்கை, கொட்டக் கொட்ட நிறையும், இணைப்பு கூடக்கூட அறிவும் கூடும் என்கிற நம்பிக்கை அது.

இந்த நம்பிக்கை உடைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சிகாகோவில் நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹுட்டன்லாக்கர், இறந்தவர்களின் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து இணைப்புகளை எண்ணி, 1979இல் முடிவை வெளியிட்டார். மூளையின் முன்பகுதியில் இணைப்புகள் மிக நெருக்கமாக இருப்பது ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு. பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். அதன் பிறகு பதின்பருவம் வரை குறைந்துகொண்டே வருகிறது. இணைப்பின் எண்ணிக்கைதான் அறிவென்றால், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைதான் தெருவிலேயே பெரிய அறிவாளியாக இருக்க வேண்டும்.

குறைப்பது யார்? மைக்ரோகிளியா என்னும் நுண்செல்கள். மூளையின் நோய் எதிர்ப்புப் படை அவை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்தேகா 1919இல் அவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். காயமோ கிருமியோ வந்தால்தான் இவற்றுக்கு வேலை, மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2005இல் உயிருள்ள எலியின் மூளையைப் படம் பிடித்தபோது, அவை ஒரு கணமும் சும்மா இல்லாமல் தம் மெல்லிய கைகளால் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

அந்தத் துழாவலுக்கு ஒரு கணக்கும் உண்டு. ரத்தத்தில் கிருமியின்மேல் ஒட்டி ‘இதைத் தின்னலாம்’ என்று அடையாளம் காட்டும் அதே வகைப் புரதங்கள், வளரும் மூளையில் வலுவற்ற இணைப்புகளின்மேலும் ஒட்டுகின்றன. மைக்ரோகிளியா அவற்றை விழுங்குகிறது. 2012இல் டோரதி ஷேஃபர், பெத் ஸ்டீவன்ஸ் குழு எலிக்குட்டிகளிடம் இதை நேரில் கண்டது. ஒரு கண்ணிலிருந்து வரும் சமிக்ஞையைக் குறைத்தபோது, அந்தக் கண்ணின் இணைப்புகளே அதிகம் விழுங்கப்பட்டன. இந்த வேலையில் ஆஸ்ட்ரோசைட் என்னும் வேறு செல்களுக்கும் பங்கு உண்டு. மைக்ரோகிளியா வெட்டுவதோடு நிற்பதுமில்லை. சில இடங்களில் நரம்பு செல் பிழைத்திருக்கவும் புது இணைப்பு துளிர்க்கவும் அது துணை செய்கிறது.

நம் மாவட்டத்துச் சங்கரன்கோவில் பக்கம் மல்லிகை போட்டவரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கவாத்து செய்யாத கொடி தழைத்துக்கொண்டு நிற்கும், பூக்காது. ‘செடியை வெட்டாமல் வளர்க்கிறோம், வாருங்கள்’ என்று அவரிடம் நோட்டீஸ் கொடுத்தால் சிரிப்பார். பிள்ளையின் மூளை என்றதும் நாம் மட்டும் ஏன் சிரிக்க மறந்தோம்?

நோட்டீஸ்காரரின் வாதத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆறு வயதுக்குள் மூளையின் பருமன் பெரியவர் அளவில் 90 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். சில காரியங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருக்கும் குழந்தையை இளம் வயதிலேயே மருத்துவரிடம் காட்டி, நல்ல கண்ணை மறைத்து மந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் பார்வைக்குள்ள கெடுவை எடுத்து அறிவு முழுவதற்கும் ஒட்டவைப்பது வியாபாரம். முன்மூளையில் இந்தக் கவாத்து இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடக்கமும் வகுப்பறையில் இல்லை. மைக்ரோகிளியாவின் மூதாதைச் செல்கள் கருவின் முதல் சில வாரங்களிலேயே மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குப் புறப்பட்டுவிடுகின்றன. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ வரைபடத்தைப் பாருங்கள். கருவிலுள்ள மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகளை வைத்துச் செய்தது. தாயின் வயிற்றுக்குள்ளேயே அந்த உறுப்பு எத்தனை அடுக்குகளாக வளர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

‘எதிர்ப்பு சக்தி கூடினால் எல்லாம் சரி’ என்பவர்களுக்கும் ஒரு சொல். வெட்டுக்கும் அளவு உண்டு. 2016இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, மேலே சொன்ன அடையாளப் புரதங்களில் ஒன்றான சி4ஐ மூளையில் அதிகம் உண்டாக்கும் மரபணு வகை உள்ளவர்களுக்கு மனச்சிதைவு நோயின் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று கண்டது. பதின்பருவத்தில் கவாத்து மிஞ்சிப்போவது அந்நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கியது இந்த நோயாளிகளுக்காகத்தான். ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று அவர்களைச் சங்கிலியில் கட்டிய நாடு இது. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் கட்டுண்டபடியே மாண்டவர்களை மறக்க முடியாது.

வகுப்பை நிறுத்தினால் மைக்ரோகிளியா ஒழுங்காக வேலை செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு நோட்டீஸ்காரன். நான் சொல்வது இவ்வளவுதான்: பணம் கட்டிப் பெருக்க வேண்டிய சரக்கல்ல நரம்பு இணைப்பு. ஓரிரு வயதுக்குள் குழந்தையிடம் அது தேவைக்கு மேலேயே வந்து சேர்கிறது. எது நிலைக்கும் என்பதில் அந்தக் குழந்தை எதைப் பார்க்கிறது, கேட்கிறது, யாரோடு பேசுகிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதற்கு மூன்று வயதில் கட்டணம் தேவையில்லை.

இலஞ்சி என்ற சொல்லுக்கே குளம் என்று ஒரு பொருள் உண்டு. வரத்துக்கால் மட்டும் இருந்தால் குளமாகாது, மடை வேண்டும், மறுகால் வேண்டும் என்பது இந்த ஊர்ச் சம்சாரிக்குத் தெரியும். மறுகாலை அடைத்துவிட்டு, ‘பார், உன் குளத்தைப் பெருக்கிவிட்டேன்’ என்று ஒருவன் கூலி கேட்டு வந்தால் அவர் என்ன சொல்வாரோ, அதையேதான் அந்த நோட்டீஸுக்கும் நான் சொல்வேன். பத்திரிகையில் அச்சடிக்க முடியாத சொல் அது.