பெரிய பெண் ஓடக் கூடாதா?

பத்து வயதாகியும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் நாம் பதறிப் போகிறோம். டியூஷன் வைக்கிறோம், டீச்சரைப் போய்ப் பார்க்கிறோம். அதே பிள்ளைக்கு ஒற்றைக் காலில் நொண்டத் தெரியவில்லை, வருகிற பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை என்றால்? "அது கிடக்குது, மார்க் வந்தா போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

உடம்புக்கும் ஓர் அரிச்சுவடி உண்டு, சகோதரிகளே! ஓடுவது, தாண்டுவது, நொண்டுவது, எறிவது, பிடிப்பது, சாயாமல் நிற்பது இவையெல்லாம் அதன் எழுத்துக்கள். இவை கைவந்த பிள்ளை எந்த விளையாட்டையும் பயமில்லாமல் கற்றுக்கொள்ளும். வளர்ந்த பிறகும் உடம்பை அசைக்கத் தயங்காது. இதை 'உடல் எழுத்தறிவு' என்று சொல்லலாம். பிரிட்டனைச் சேர்ந்த மார்கரெட் வைட்ஹெட் என்ற அம்மையார் 1993ல் இந்தக் கருத்தை எடுத்துச் சொன்னார். நம் பாட்டிமாரோ பெயர் வைக்காமலே இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள். பாண்டி ஆடினால் ஒற்றைக் கால் நிலைப்படும். ஏழாங்கல் கண்ணையும் கையையும் சேர்த்து வைக்கும். கிளித்தட்டு, ஓடுகிற வேகத்திலேயே சட்டென்று திரும்பப் பழக்கும்.

எங்கள் குயிலாப்பாளையத்துச் செம்மண்ணிலும் சாயங்காலமானால் பிள்ளைகளின் கூச்சல்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள். பதினோரு, பன்னிரண்டு வயது வரை கூட ஓடிய பெண்கள் திடீரென்று காணாமல் போவார்கள். பையன்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"அவ பெரிய மனுஷி ஆயிட்டாக்கா. இனிமே என்ன ஓட்டம்?"

"ஏம்மா, ஸ்கூலை நிறுத்திட்டியா?"

"அதெப்படிக்கா நிறுத்துவேன்? பன்னெண்டாவது முடிக்கணுமே!"

"அப்போ ஓட்டத்தை மட்டும் ஏன் நிறுத்தினே?"

அவள் பதில் சொல்லவில்லை. யோசித்தாள்.

ஓட்டத்தை நிறுத்துவதற்கு இதைவிடத் தப்பான வயது கிடையாது. வாழ்நாளுக்கான எலும்பு வலுவில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதித்து ஓடும்போதுதான் எலும்பு இறுகுகிறது. இப்போது சேர்க்காததை ஐம்பது வயதில் இடுப்பு எலும்பு முறிந்த பிறகு தேடினால் கிடைக்குமா? 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிஷமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது. பையனுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்று அது பிரிக்கவில்லை.

நம் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பாண்டிச்சேரி ஆசிரமப் பள்ளியில் 1940களிலேயே பெண்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, பையன்கள் செய்த அதே பயிற்சிகளைச் செய்தார்கள். எங்கள் ஊரை அடுத்த ஆரோவில்லில், 1992 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சைக் கவனிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது என்று உடம்பை உணரும் வகுப்புகள் வளர்ந்தன.

'அவர்கள் சங்கதி வேறு' என்கிறீர்களா? சரி, புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பழகினார்கள். கையெழுத்துப் போடக் கற்ற கையே ஹாண்டில்பாரையும் பிடித்தது!

சரி, வீட்டில் என்ன செய்வது?

பெண்கள் விளையாட்டை விடுவதற்குக் கூச்சமும் ஒரு காரணம். அளவான உள்ளாடையும் தளர்வான பருத்தி உடையும் வாங்கிக் கொடுங்கள். பாதி கூச்சம் போய்விடும். மாதவிலக்கு நாளில் விளையாடினால் கெடுதல் ஒன்றுமில்லை. வலி இருந்தால் ஓய்வெடுக்கட்டும். தாங்க முடியாத வலியோ, அதிக ரத்தப்போக்கோ, மயக்கமோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

'குண்டு', 'ஒல்லிக்குச்சி' என்று உடம்பைச் சொல்லி ஏசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். நேற்றைவிட இன்று ஒரு கட்டம் கூடத் தாண்டினாளா? அது போதும்.

'வெளியே அனுப்பப் பயமா இருக்கே' என்பது நியாயமான கவலைதான். அதற்காகப் பெண்ணை உள்ளே பூட்ட வேண்டாம். தெருவில் நாலு அம்மாக்கள் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் மைதானத்து ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டு உட்காரலாமே!

இன்று சாயங்காலமே வாசலில் பாண்டிக்குக் கோடு போடச் சொல்லுங்கள். கட்டங்கள் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். அம்மாவின் காலுக்கும் இடம் வேண்டாமா?