அரக்கில் உறங்கும் குரல்கள்

சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டையில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவருடைய பாட்டனார் சேர்த்துவைத்த இசைத்தட்டுகள் எங்கே என வினவினோம்.

"பழைய போத்தல் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டோம், சேர். கிராமபோனே இல்லாத வீட்டில் தட்டு எதற்கு?" என்றான் நண்பரின் மகன். அவன் நம்மிடம் பயிலும் மாணவன். அவனைக் கடிந்து பயனில்லை. அவற்றின் அருமையை வகுப்பிலே நாம் ஒருநாளும் எடுத்துரைத்ததில்லையே!

1952ஐ அடுத்த ஆண்டுகளில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிற்று. பாரத நாட்டு நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் அங்கே விவித பாரதி தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். சிறு தீவொன்று பெருநாட்டின் செவியை ஈர்த்தது எவ்வாறு? போர்க்காலத்தில் கண்டியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த தென்கிழக்காசியப் படைத்தலைமை விட்டுச்சென்ற வலிய ஒலிபரப்பி ஒன்று. சேர்த்துப் பேணிய இசைத்தட்டுக் களஞ்சியம் மற்றொன்று.

பழமைக்கு விலையும் உண்டு. 2017இல் சரிகம நிறுவனம் பழைய இந்திப் பாடல்கள் 5000ஐச் சிறு பெட்டியில் அடக்கி, 'கார்வான்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. பெட்டிகள் இலட்சக்கணக்கில் விலைபோயின. பேணி வைத்தமையால் வந்த செல்வம் அது.

நம் நாட்டுப் பொப்பிசையில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல்கடந்து புகழ்பெற்றது. அத்தகைய புகழ் வாய்க்காத பாடகரின் குரலோ எவர் வீட்டுப் பரணிலோ ஒற்றைத் தட்டில் உறங்கக்கூடும். பாடியவர் பெயரும் மறைந்துவிட்டால், அவர் வழித்தோன்றல்களுக்குச் சேரவேண்டிய ஊதியமும் மறைந்துவிடும் அன்றோ?

பேணுதல் அரிதன்று. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. மலைநாட்டு ஈரத்தில் அவற்றிற் பூஞ்சணம் பற்றும். ஆதலின் உலர்ந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நேராக நிறுத்தி வைத்தல் வேண்டும். மதுசாரத்தால் துடைத்தல் ஆகாது, அரக்குக் கரைந்துவிடும். தட்டின் நடுவிலுள்ள பெயர்களையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. வீட்டுப் பெரியோர் அப்பாடல்களை எங்கே, எப்போது கேட்டனர் என்பதையும் உடன் குறித்துக்கொள்ளலாம். மாணவர்க்கு விடுமுறையில் இதனினும் நல்ல வேலை வேறில்லை.

அம்மாணவன் மறுவாரம் நம்மைத் தேடி வந்தான். கடை கடையாக அலைந்து மூன்று தட்டுகளை மீட்டிருந்தான், ஒன்றில் விரிசல். ஏனையவை எவர் குரலைச் சுமந்து சென்றனவோ, அறியோம்.