கை மரத்தால் "மருந்து வேலை செய்யுது" என்று சொல்லாதீர்கள்
ஜிம்முக்குப் போகிறவர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, அரசு மருத்துவமனைகள், ஜிம் உரிமையாளர்கள், ஆணழகன் போட்டி நடத்துவோர்.

இரவு 3 மணிக்கு விரல் மரத்து விழிப்பு வருகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும் எரிகின்றன, சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. மோதிரம் கழல மறுக்கிறது. ஜிம் மாஸ்டரிடம் சொன்னால், "ஜி.எச். வேலை செய்யுது தம்பி" என்கிறார்.

வேலை செய்வது உண்மைதான். ஜி.எச். எனப்படும் வளர்ச்சி ஹார்மோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். மணிக்கட்டில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் ஒரே இடுக்கில் போகின்றன. கீழே எலும்பு, மேலே விறைப்பான பட்டை. அங்கே நீர் கோத்தால் நசுங்குவது நரம்பு. ஆரம்பத்திலேயே ஹார்மோன் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் வடிந்துவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால் கட்டைவிரல் மேடு சூம்பிப்போகும். நூறு கிலோ தூக்கியவனுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது பெரும்பாடாகும்.

ஆகவே கோருகிறோம்:

1. ஸ்டீராய்டும் வளர்ச்சி ஹார்மோனும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. அவற்றை ஜிம்மிலும் வாட்ஸ்அப்பிலும் விற்போர்மீது 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி வழக்குப் போடுங்கள்.

2. சப்ளிமென்டில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கக் கூடாது என்பது விதி. கடைகளில் உள்ள டப்பாக்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை பிராண்டு பெயரோடு தமிழில் வெளியிடுங்கள்.

3. "ஊசியே வேண்டாம்" என்று விற்கப்படும் எம்.கே.-677, மருந்தாக அனுமதி பெறாதது. உடம்பின் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுவதால் அதனாலும் நீர் கோக்கும். அதன் இணைய விற்பனையை முடக்குங்கள்.

4. ஜிம்முக்குள் ஊசி போடுவதை அறவே தடுங்கள். புட்டத்தில் இடம் தவறிய ஊசி சயாட்டிக் நரம்பில் பட்டால், பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம்.

5. விரல் மரத்தல், கணுக்கால் வீக்கம், பிடி தளர்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள் என்று ஒவ்வொரு ஜிம்மிலும் ஆணழகன் மேடையிலும் எழுதிவையுங்கள்.

6. மருத்துவர்களே, எங்களைத் திட்டாமல் கேளுங்கள். சொன்னதை ரகசியமாக வையுங்கள். மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்கும் 1800-180-3024 என்ற எண்ணை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஒன்று செய்கிறோம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது "புரோட்டீன் மட்டும்தான் சார்" என்ற பொய்யை விட்டுவிட்டு, காலி டப்பாவையும் ஊசிமருந்துக் குப்பியையும் பையில் எடுத்துப்போவோம்.