பேசாத கருவியும் 250 ஓமும்

சென்ற வாரம் எங்கள் பணிமனை மேசையில் ஒரு தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்து ஜூரோங் தீவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவர் முன்னால் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர், 24 வோல்ட் மின்வழங்கி, கையில் கம்யூனிகேட்டர். அரை மணி நேரமாகத் திரையில் ஒரே பதில்: கருவி எதுவும் கிடைக்கவில்லை.

"அண்ணே, இது செத்துப்போச்சுண்ணே."

சாகவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன மின்தடையை எடுத்துச் சுற்றில் சேர்த்தேன். உடனே திரையில் டிரான்ஸ்மிட்டரின் பெயர் வந்துவிட்டது. தம்பி என்னை மந்திரவாதியைப் போலப் பார்த்தார்.

மந்திரம் ஒன்றுமில்லை. டிரான்ஸ்மிட்டர், குழாயில் உள்ள அழுத்தத்தையோ தொட்டியில் உள்ள மட்டத்தையோ அளந்து, இரண்டு கம்பி வழியே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறது. 4 மில்லிஆம்பியர் என்றால் பூஜ்யம், 20 என்றால் முழு அளவு. பூஜ்யத்துக்கு ஏன் 4 என்று கேட்கலாம். கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். காலித் தொட்டியையும் அறுந்த கம்பியையும் குழப்பிக்கொள்ளக்கூடாது அல்லவா?

1980களில் ரோஸ்மவுன்ட் நிறுவனம் உருவாக்கிய ஹார்ட் என்ற முறை, அதே இரண்டு கம்பிகளில் இன்னொரு பேச்சையும் ஏற்றியது. 1,200 ஹெர்ட்ஸ், 2,200 ஹெர்ட்ஸ் என இரண்டு சிற்றலைகள். அவற்றின் சராசரி பூஜ்யம் என்பதால் அடியில் ஓடும் 4 முதல் 20 வரையிலான கணக்கு கெடுவதில்லை. கம்யூனிகேட்டர் கேட்பதும் பேசுவதும் அந்தச் சிற்றலைகளில்தான்.

ஆனால் மின்வழங்கிக்கு உள்தடை மிகக் குறைவு. சிற்றலைகள் அதற்குள் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீராக மறைந்துவிடும். இடையில் குறைந்தது 250 ஓம் தடை இருந்தால்தான் கம்யூனிகேட்டருக்கு ஏதாவது கேட்கும். 250 கிடைக்காவிட்டால் 270 போதும். கிளிப்புகளை டிரான்ஸ்மிட்டரின் இரு முனைகளிலோ மின்தடையின் இரு முனைகளிலோ மாட்டலாம்; எது சிவப்பு, எது கறுப்பு என்ற கவலை வேண்டாம். மின்வழங்கியின் முனைகளில் மட்டும் மாட்டிப் பயனில்லை. களத்தில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது, கட்டுப்பாட்டு அறை அட்டையிலேயே அந்தத் தடை இருக்கும். அதனால்தான் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட பணிமனை மேசையில் விழிக்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியது. தம்பியிடம் நான் உண்மையில் பேச விரும்பியது வேறு. கருவி பேச ஆரம்பித்துவிட்டால், நாம் சொல்வதையும் அது கேட்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, இரவு ஷிஃப்ட். தொட்டி மட்டம் காட்டும் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க பெர்மிட் வாங்கி, வாயுச் சோதனை முடித்து, அபாயப் பகுதிக்கென்று சான்று பெற்ற கம்யூனிகேட்டருடன்தான் போனேன். கட்டுப்பாட்டு அறைக்கு வாக்கி டாக்கியில், "இணைத்துப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். லூப் டெஸ்ட்டைத் தொடங்கியதும் திரை எச்சரித்தது: தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து இந்தச் சுற்றை விலக்கிவிட்டீர்களா? அதற்கு முன் நூறு தடவை பார்த்த வாசகம். படிக்காமலேயே ஓகே அழுத்தி 4 மில்லிஆம்பியரை அனுப்பினேன்.

அந்த நொடியில் கட்டுப்பாட்டு அறையைப் பொறுத்தவரை தொட்டி காலி. மட்டம் குறைந்தால் பம்பை நிறுத்தும் பாதுகாப்பு இணைப்பு, தன் கடமையைச் சரியாகச் செய்தது. பம்பின் இரைச்சல் அடங்கிய அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பிரிவு மறுபடி சீராக ஓட விடிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை, அது என் நல்ல நேரம்.

சுற்றை மேனுவலில் போட்டிருந்தாலும் அன்று பம்பு நின்றிருக்கும். பாதுகாப்பு இணைப்பு தனி. அதற்கு முறைப்படி ஒப்புதல் வாங்கித் தற்காலிகமாக விலக்க வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திரும்பச் சேர்க்க வேண்டும். "இணைக்கிறேன்" என்று சொன்னால் போதாது, "4 அனுப்பப் போகிறேன், இதனோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது?" என்று கேட்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்தால், வெயிலில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியதுதான்.

தம்பி கேட்டுவிட்டு, "விளக்கக் கடிதம் எழுதச் சொன்னாங்களாண்ணே?" என்றார்.

"நாலு பக்கம்."

அந்த மின்தடையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருப்பிக் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவருக்கு முதல் களப்பணி, நானும் கூடப் போகிறேன்.